எட்டா, மூன்றா?

கேள்வி: சேலம் சிவதாபுரம் பக்கத்தில் சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 57. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள், ஊசியும் போட்டார்கள். “இருக்கும் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடமாட்டத்துக்குக் குறையில்லை; முகமும் எழுத்தும்தான் நடுவில் கலங்குகின்றன. போனில் எழுத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கினேன். இப்போது பணம் அனுப்பும் பொத்தானையே காணவில்லை. போன மாதம் பற்றவைப்பு வேலை செய்பவர் வாட்ஸ்அப்பில் 3,300 என்று அனுப்பியதை 8,300 என்று படித்து, அப்படியே பணத்தையும் அனுப்பிவிட்டேன். தராசில் 83 கிராமை 88 என்று எக்செல்லில் ஏற்றினேன். வங்கிச் சரிபார்ப்புக்கு வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். எனக்கு வட்டமே தெரியவில்லை. பேரன் ஏதோ பேசும் வசதியைப் போட்டுவிட, போனுக்குப் பேய் பிடித்தது போலாகிவிட்டது. மகன், “போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள் அப்பா” என்கிறான். 80,000 ரூபாய் போன் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை வேறு எதற்குச் செலவழிக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் மகனும் கவனிக்காத, நீங்களும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தவறு நேர்ந்த இரண்டு இடங்களிலும் எழுத்தில் பிழை இல்லை, எண்ணில்தான் பிழை. இரண்டு முறையும் அதே மூன்று, அதே எட்டு. பற்றவைப்புக்காரர் தமிழில் எழுதிய செய்தியை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. தமிழில் ஒரு புள்ளி மங்கினாலும், ‘ரு’வின் வால் தெரியாமல் ‘வரும்’ என்பது ‘வரம்’ என்று கண்ணில் பட்டாலும், முன்பின் இருக்கும் சொற்கள் கைகொடுத்துவிடும். “பணம் எப்போது வரம்” என்று யாரும் படிக்கமாட்டார்கள். எண்ணுக்கு அப்படி அக்கம்பக்கம் கிடையாது. 3,300-உம் சரியான கூலிதான், 8,300-உம் சரியான கூலிதான். மனம் திருத்தாது.

ஆகவே போன் முழுவதையும் பெரிதாக்குவது உங்களுக்கு மருந்தல்ல. எண்ணைக் கண்ணிடமிருந்து வாங்கிக் காதிடம் கொடுக்க வேண்டும். மூன்றும் எட்டும் கண்ணுக்கு அண்ணன் தம்பி. காதுக்கு உறவே இல்லை.

முதலில் கண்ணாடி. மருத்துவர் சொன்னது தூரப் பார்வைக் கண்ணாடியைப் பற்றி. சர்க்கரை நோயில் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கி, கசிந்து, தழும்பாகிவிட்டால் அதை எந்தக் கண்ணாடியும் புதிதாக்காது, உண்மை. ஆனால் கிட்டப் பார்வைக்கு வேறு கணக்கு உண்டு. 40 சென்டிமீட்டரில் பிடிக்கும் போனை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அமைப்புகளில் எதையும் தொடாமலே எழுத்து இரு மடங்காகிவிடும். 57 வயதுக் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் குவிக்கும் சக்தி இருக்காது, அதற்குத்தான் கண்ணாடி. 40 சென்டிமீட்டருக்கு 2.5 பவர் என்றால் 20 சென்டிமீட்டருக்கு 5 பவர். சாதாரணக் கண்ணாடிக் கடையில் இதைக் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையில் எழுதித் தருவார்கள். கிட்டே வைத்துப் பார்த்தால் கண் கெடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரே எச்சரிக்கை: சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில் கண்ணாடிக்கு அளவெடுக்காதீர்கள். சர்க்கரையோடு கண்ணின் பவரும் மாறும். இன்று எடுத்த அளவு அடுத்த மாதம் பொருந்தாது.

இனி அந்தக் காணாமல்போன பொத்தான். போனில் எழுத்தின் அளவு என்பது வேறு, திரையில் உள்ள எல்லாவற்றின் அளவு என்பது வேறு. நீங்கள் இரண்டையும் கடைசிவரை தள்ளியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செயலியை எழுதியவர் அவ்வளவு பெரிய எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கமாட்டார். பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும், சில செயலிகளில் உருட்டினாலும் வராது. பெரிதாக்குவதற்கு விலை உண்டு ஐயா. 3 மடங்கு பெரிதாக்கினால் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது திரையின் ஒன்பதில் ஒரு பங்குதான். மீதி எட்டுப் பங்கைத் தேடித் திரிய வேண்டும். பார்வை குறைந்தவர் போனில் இழக்கும் நேரத்தில் பெரும்பங்கு படிப்பதில் போவதில்லை, தேடுவதில் போகிறது.

எனவே இரண்டு அளவுகளையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பொத்தான் திரும்பி வரும் வரை. எழுத்தைத் தடிமனாக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அது இடத்தைத் தின்னாது. பிறகு ‘அமைப்புகள்’, ‘அணுகல்தன்மை’, அதற்குள் ‘உருப்பெருக்கம்’ என்று போங்கள். போனுக்குப் போன் பெயர் சிறிது மாறும். அதை இயக்கியதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் வந்து உட்காரும். வேண்டும்போது அதைத் தொட்டுவிட்டு, பெரிதாகத் தெரிய வேண்டிய இடத்தைத் தொட்டால் அந்த இடம் விரியும். இரண்டு விரலால் நகர்த்தலாம், விரித்தும் சுருக்கியும் அளவை மாற்றலாம். வேலை முடிந்ததும் மறுபடி பொத்தான், பழைய திரை. பூதக்கண்ணாடியை மேசையில் வைத்திருந்து தேவைப்படும்போது மட்டும் எடுப்பது போலத்தான் இது. நாள் முழுவதும் அதைக் கண்ணில் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் நடக்கமாட்டீர்கள் அல்லவா?

அடுத்தது நிறம். இதை உங்களுக்கு நான் சொல்லித்தருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். வெள்ளிக் கொலுசை வாடிக்கையாளரிடம் காட்டும்போது வெள்ளைத் தாளில் வைப்பீர்களா, கறுப்பு வெல்வெட்டில் வைப்பீர்களா? போனிலும் அந்த வெல்வெட் உண்டு. ‘அடர் தீம்’ என்று இருக்கும். போனிலும் போடலாம், வாட்ஸ்அப்பில் தனியாகவும் போடலாம். கறுப்பின்மேல் வெளிர் எழுத்து வரும். லேசர் வைத்த கண்ணுக்கு வெள்ளைத் திரை கூசும். எழுத்து மங்குவதில் அந்தக் கூச்சத்துக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் இது ஒத்துவராது, இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். முகப்பில் பேரக்குழந்தைகளின் படத்தை வைத்திருந்தால் மனமில்லாவிட்டாலும் எடுத்துவிட்டு ஒரே நிறப் பின்னணி வையுங்கள். படத்தின்மேல் இருக்கும் சின்னங்கள் உங்களுக்குப் படத்தோடு கரைந்துவிடும்.

பேரன் போட்ட வசதிக்கு டாக்பேக் என்று பெயர். போன் திரையில் விரல் படும் இடத்தை எல்லாம் வாசிக்கும். அதைப் போட்டவுடன் போனின் இலக்கணமே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் என்ன இருக்கிறது என்று சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், திரையை உருட்ட இரண்டு விரல் வேண்டும். இதைச் சொல்லாமல் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பேய் பிடித்தது போலத்தான் இருக்கும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒருவர், உறவுக்காரப் பையன் இப்படிப் போட்டுவிட்டதால், இரண்டு நாள் எந்த அழைப்பையும் எடுக்க முடியாமல் தவித்து, கடைசியில் பஸ் ஏறி என்னிடம் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாக்கெட்டுக்குள்ளிருந்து போன் பேசிக்கொண்டே வந்ததாம். நடத்துநர் இரண்டு முறை “யாருடைய போன்?” என்று கேட்டிருக்கிறார். நான் செய்தது ஒன்றே ஒன்று: ஒலியைக் கூட்டும் விசையையும் குறைக்கும் விசையையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினேன். அடங்கிவிட்டது. உங்கள் போனிலும் பெரும்பாலும் அப்படித்தான் அடங்கும்.

உங்களுக்கு இப்போது டாக்பேக் தேவையில்லை. வருங்காலத்தில் தேவைப்பட்டால் ஒரு வாரம் உட்கார்ந்து முறையாகக் கற்கலாம். அது வெட்கப்பட வேண்டிய வசதி அல்ல. இப்போதைக்கு அதன் தம்பி போதும்: ‘செலக்ட் டு ஸ்பீக்’. அதுவும் அணுகல்தன்மையில்தான் இருக்கிறது. இது வாயை மூடிக்கொண்டிருக்கும். பொத்தானைத் தொட்டுவிட்டு ஒரு வரியைத் தொட்டால் அந்த வரியை மட்டும் வாசிக்கும். தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வாங்கும்போது இருக்கும் வேகம் ஏலக்காரர் வேகம்.

பற்றவைப்புக்காரர் இனி 3,300 என்று அனுப்பினால், படிக்காதீர்கள். தொட்டுக் கேளுங்கள். பணம் அனுப்பும்போதும் அப்படியே: தொகையைத் தட்டியபின், ரகசிய எண் கேட்பதற்கு முன்னால் பெயரும் தொகையும் ஒரே திரையில் வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்துங்கள். பெயரைத் தொட்டுக் கேளுங்கள், தொகையைத் தொட்டுக் கேளுங்கள். சில செயலிகள் இந்த வசதிக்கு இடம் கொடுக்காமல் முரண்டு பிடிக்கும். அப்படியானால் செயலியை மாற்றுங்கள், அதே வங்கிக் கணக்கை இன்னொரு செயலியிலும் வைத்துக்கொள்ளலாம். புது ஆளுக்கு முதல்முறை அனுப்பும்போது 1 ரூபாய் அனுப்பி, “வந்ததா?” என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது நல்ல கண் உள்ளவர்களே செய்வதுதான். ரகசிய எண் தட்டும் பலகையில் மேல் வரிசை 1, 2, 3 என்று டயல் பலகை போலவே இருக்கும். அந்த நான்கோ ஆறோ இலக்கங்களைக் கண் பாராமல் விரல் போகும்படி பழக்கிக்கொள்ளுங்கள். கொலுசுக் கண்ணியை விரலால் எண்ணத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையல்ல.

ஓடிபி வந்த வேகத்தில் மறைவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் உங்களைப் படுத்திக்கொண்டிருக்கும். அறிவிப்புகள் திரையில் நிற்கும் நேரத்தை 2 நிமிடம் வரை நீட்டும் அமைப்பு அணுகல்தன்மையிலேயே இருக்கிறது. வங்கி தரும் கெடு நீளாது, அறிவிப்புத்தான் நிற்கும். அதுவே பெரிய உதவி.

தராசு. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உங்கள் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வோர் இலக்கமும் ஏழு கோடுகளால் ஆனது. எட்டுக்கு ஏழு கோடும் எரியும். அதில் இடப்பக்கத்து இரண்டு நெடுக்கோடுகள் அணைந்தால் மூன்று. மேல் வலப்பக்கக் கோடு மட்டும் அணைந்தால் ஆறு, கீழ் இடப்பக்கக் கோடு மட்டும் அணைந்தால் ஒன்பது, நடுக்கோடு அணைந்தால் பூஜ்யம். ஒரு கோட்டின் வித்தியாசத்தில் உங்கள் வெள்ளி கூடுகிறது, குறைகிறது. இதைக் கண்ணால் பிடிப்பது கலங்காத கண்ணுக்கே மாலையில் சிரமம். எழுத்தை வாசிக்கும் செயலிகளும் இந்தக் கோட்டு எண்களில் அடிக்கடி தடுமாறும். எடை விஷயத்தில் அவற்றை நம்ப வேண்டாம்.

அதற்குப் பதில், போன் கேமராவால் தராசின் எண்ணைப் படம் எடுத்து, படத்தை விரித்துப் பாருங்கள். நேரில் குனிந்து பார்ப்பதைவிட இது மேல்: படம் அசையாது, நிழல் விழாது, உங்களுக்கு வேண்டிய தூரத்துக்கு வரும். போனுக்கு நூறு இருநூறு ரூபாயில் ஒரு தாங்கி வாங்கித் தராசுக்கு எதிரே நிறுத்திவிடுங்கள். சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எண் வரும் தராசாக இருந்தால், அடுத்து மாற்றும்போது கறுப்பில் சிவப்பாக ஒளிரும் எண் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பல தராசுகளின் பின்பக்கம் கணினியோடு இணைக்கும் துளை இருக்கும். விற்றவரிடம் கேளுங்கள். இணைத்துவிட்டால் எடை நேராக எக்செல்லுக்குள் வந்து விழும். கண்ணுக்கு இடையில் வேலையே இல்லை.

எக்செல்லில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. எண்ணைத் தட்டி என்டர் அழுத்தியதும் அந்த எண்ணை அதுவே வாசிக்கும். ‘ஸ்பீக் செல்ஸ் ஆன் என்டர்’ என்று பெயர். மேல் பட்டையில் தேடினால் கிடைக்காது. கட்டளைகளின் முழுப் பட்டியலிலிருந்து எடுத்து மேலே உள்ள சிறு பட்டையில் சேர்க்க வேண்டும், மகனால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஆங்கிலத்தில்தான் வாசிக்கும். ‘எய்ட்டி த்ரீ’ என்றால் உங்களுக்குப் புரியாதா என்ன? படத்தில் 83 என்று பார்த்துவிட்டுக் கை தவறி 88 என்று தட்டியிருந்தால் அங்கேயே காது பிடித்துவிடும். கணினித் திரையைப் பெரிதாக்க விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்துங்கள். வெளியே வர விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும்.

கண் சிமிட்டும் வட்டத்துக்கு வருகிறேன். இதில் உங்கள்மீது எந்தக் குறையும் இல்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பிரச்சினையில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அமிலவீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. இணைய வழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். கண் சிமிட்டுவதற்கு மாற்றான வழிகளையும் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கிளைக்கு நேரில் போய், பார்வைக் குறைவால் செயலி வழியாகச் செய்ய இயலவில்லை, வேறு வழியில் சரிபார்த்துத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, அந்தத் தேதியைச் சொன்னால் போதும்.

அதோடு, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்வையை அளந்து மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு முயன்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்கு (மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) மேல் போகாமல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு ஊனம் 40 சதவீதம் இருக்க வேண்டும். நீங்கள் அதற்குள் வருகிறீர்களா என்பது அளந்தால்தான் தெரியும்.

இப்போது மகன். அவர் சொன்னதில் அன்பு இருக்கிறது, 5,000 ரூபாய் போன கோபமும் இருக்கிறது. ஆனால் போனைக் கொடுத்துவிட்டால் ஆறே மாதத்தில் நீங்கள் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் மறந்துவிடுவீர்கள். கணக்கு கையை விட்டுப் போனால் பட்டறையும் போகும்; இதை நான் வேறு தொழில்களிலும் பார்த்திருக்கிறேன். மகனிடம் வேறு வேலை கேளுங்கள்: இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்து, மேலே சொன்ன அமைப்புகளைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வேண்டாம். இந்த வாரம் செலக்ட் டு ஸ்பீக் மட்டும். ரகசிய எண் அவருக்கும் வேண்டாம். பார்வை குறைந்தவர் என்று தெரிந்ததும் “உதவுகிறேன், இந்தச் செயலியைப் போடுங்கள், உங்கள் திரை எனக்குத் தெரியும்” என்று போனில் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் இணைப்பைத் துண்டியுங்கள்.

நீங்கள் ரொக்கமும் கையாள்வீர்கள் என்பதால் ஒன்று. இப்போதைய 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றும் அகலத்தில் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம்தான் 142, 146, 150 என்று நான்கு நான்காகக் கூடுகிறது. விரலுக்கு அது எளிதில் பிடிபடாது. ஓரத்தில் சாய்கோடுகள் புடைத்திருக்கும்: ஐந்நூறில் ஐந்து, நூறில் நான்கு, இருநூறில் நான்கும் நடுவில் இரண்டு வட்டமும். பழைய தாளில் இவை தேய்ந்துவிடும். அப்போது ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி இருக்கிறது. தாளைக் கேமரா முன் பிடித்தால் மதிப்பைச் சொல்லும், இணையம் வேண்டாம்.

சொன்ன பணக் கணக்கு: கிட்டப் பார்வைக் கண்ணாடி, போன் தாங்கி, கழுத்து வளையும் ஒரு மேசை விளக்கு. விளக்கை முன்னால் வைக்காதீர்கள், நன்றாகத் தெரியும் கண் இருக்கும் பக்கத்திலிருந்து, தோளுக்குக் கீழே, பொருளின்மேல் விழும்படி வையுங்கள். எண்பதாயிரத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

என்னைப் பார்க்க வருவதானால் காலையில் வாருங்கள். வெயிலில் இருந்து உள்ளே வந்ததும் லேசர் வைத்த கண் தெளிய நேரம் பிடிக்கும், கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அளப்பேன். கண்ணாடிகள் எல்லாவற்றையும், உடைந்ததையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவும் வேண்டும். தராசைத் தூக்கிவர வேண்டாம். அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நீங்களே படம் எடுத்து வாருங்கள், மகனை எடுக்கச் சொல்லாமல்.